சீனிக்கு வைத்த சோறு

நவம்பர் 12, 2008. புதன்.

உச்சிப்புளிக் கடற்கரையில், மூடிக்கிடக்கும் ஐஸ் கம்பெனிக்குள் ஒளிந்திருக்கும் கூட்டத்துக்கு நான் சமையல்காரன். உலகத்தையே மிரட்டப் போகிறார்களாம். கதவைத் திறப்பதிலிருந்து படகில் ஆள் அனுப்புவது வரை இங்கே கம்ப்யூட்டர் வைத்ததுதான் சட்டம்.

கடலுக்குப் போகிறவன் பங்கையும் சேர்த்து உலையில் போடுவது என் வழக்கம். இன்று காலை படகோட்டி சீனிக்காக அரிசி அள்ளினேன்.

"சீனிக்கு வேணாம்ணே" என்றது கம்ப்யூட்டர், சுவர் ஸ்பீக்கரிலிருந்து.

"சாயங்காலம் வந்துருவான்ல?"

"வரமாட்டான்."

சீனி இன்னும் கிளம்பவே இல்லை. வெளிவாசலில் நின்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தான். "போயிட்டு வாரேண்ணே" என்றான்.

"ஏலே, போகாத!" என்று ஓடினேன். சமையலறைக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. வெளியே படகு கிளம்பும் சத்தம் கேட்டது.

அரிசியை நான் குறைக்கவில்லை. ராத்திரியாகிவிட்டது, சீனியின் சோறு மூடியபடி இருக்கிறது. கதவு மட்டும் இப்போது திறந்து கிடக்கிறது.