ஆறாவது பாட்டுக்கு ஒரு மறுகுரல்

டோர்ட்மண்ட்
21.01.2024

அன்புள்ள யோசப்பின் அக்காவுக்கு,

மிதுசா எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? குளிருக்கு ஒழுங்காகக் காலுறை போடுகிறீர்களா, அல்லது இன்னமும் அந்தப் பிய்ந்த செருப்போடுதான் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கிறீர்களா? உங்கள் மேல்வீட்டை விட்டு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் கீழே நீங்கள் படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு விடியற்காலையில் மெதுவாக நடக்கிறேன். "ஏனடி கள்ளன் மாதிரி நடக்கிறாய்" என்று அம்மா ஏசுகிறார்.

சேதி இதுதான். லைப்சிக்கில் ஒலிப்பதிவு படித்ததற்கு ஒருவழியாகப் பலன் கிடைத்திருக்கிறது. நானும் ஜூலியனும் ஒரு அல்பம் செய்கிறோம். ஜூலியன் கெல்சென்கிர்ச்சன் தமிழ்ப் பையன், தேவாலயப் பாடற்குழுவில் கிற்றார் வாசித்தவன். அவன் கன்ட்ரி வாசிக்கிறான், புளூஸ் வாசிக்கிறான், நான் அதற்கு மேலே ராப் பாடுகிறேன். பாடுகிறேன் என்பதைவிடக் கதை சொல்கிறேன் என்று சொல்லலாம். ஒவ்வொரு பாட்டும் ஒரு ஆளின் கதை. லாறி ஓட்டுகிற ஒருவர், விசா மறுக்கப்பட்ட ஒருவர், கலியாண மண்டபத்தில் சட்டி கழுவுகிற ஒருவர். அம்மா கேட்டுவிட்டு, "மாடு மேய்க்கிறவன்ரை பாட்டுக்கு நீ ஏன் ஏசுறாய்" என்றார்.

ஆறாவது பாட்டு உங்களுடையது. கேட்காமலே எழுதிவிட்டேன், மன்னியுங்கள். அன்று நீங்கள் சொன்ன கதை என்னை விடவில்லை. வேண்டாம் என்று ஒரு சொல் எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன். ஆனால் வேண்டாம் என்று எழுதிவிடாதீர்கள்.

அன்புடன்
மிது

*

லைப்சிக்
02.02.2024

அன்பு மிது,

உன் கடிதம் கண்டது சந்தோசம். எழுத்துப்பிழை குறைந்திருக்கிறது. முழங்காலுக்கு வயது போகிறது, வேறொன்றும் இல்லை. முதியோர் இல்லத்தில் என்னை இப்போது சலவைப் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். வெக்கையாக இருக்கிறது, ஆனால் யாரோடும் பேசத் தேவையில்லை, எனக்கு அது வசதி. நீ வந்து ஒரு கிழமை நிற்பதாகச் சொன்னாய், ஜனவரியும் முடிந்துவிட்டது. பெரிய ஆளாகிவிட்டாய் போல.

உன் பாட்டை யோசித்துப் பார்த்தேன். நான் ஏன் இன்னும் தபாலில் பேசுகிறேன் என்பது உனக்குத் தெரியும். போனிலும் இணையத்திலும் என் தடம் இருக்கக் கூடாது என்று பெண்கள் ஆலோசனை நிலையத்து லாரா சொல்லியிருக்கிறார். பிராங்பேர்ட்டில் என் புருசன் ராசன் என்னைக் கண்டுபிடித்தது ஒரு பிறந்தநாள் வீடியோவில். பின்வரிசையில் றோல்ஸ் பலகாரத் தட்டோடு நடந்து போனேன், அவ்வளவுதான். அடுத்த கிழமை கேக் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். அன்றைக்குத்தான் என் தாடை உடைந்தது. பொலிஸ் வந்தபோது அவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவனும் அவன்தான். என்ன மரியாதையான மனுஷன் என்று அவர்களே சொன்னார்கள். இன்னொருமுறை பிடித்தால் தாடையோடு விடமாட்டான்.

என்றாலும் எழுது. இதை யாராவது வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும். என் பேர், ஊர், வேலை, இருக்கிற நகரம் ஒன்றும் வரக்கூடாது. எங்கள் சனத்தைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. எந்த ஊர், ஆரின்ரை மகள் என்று இரண்டே கேள்வி கேட்டுப் பூட்டன் வரைக்கும் போய்விடுவார்கள்.

கவனமாக இரு. சாப்பிடு.

இப்படிக்கு
யோசப்பின் அக்கா

*

டோர்ட்மண்ட்
29.04.2024

அன்புள்ள அக்கா,

அல்பம் வெளிவந்துவிட்டது. சீடி ஒன்று இதற்குள் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக் கிழவரிடம் பிளேயர் இருக்கிறது, நான் அங்கே இருந்தபோது பார்த்திருக்கிறேன், வாங்கிக் கேளுங்கள்.

ஆறாவது பாட்டில் நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். அந்தப் பெண்ணின் பேர் சுகன்யாதேவி, ஊர் வவுனியா, மியூனிக்கில் பஸ் ஓட்டுகிறாள். நீங்களே கேட்டாலும் உங்களை அடையாளம் கண்டுபிடிக்க மாட்டீர்கள்.

ஒரு பரிசும் அதற்குள் இருக்கிறது, கோபிக்கக் கூடாது. போன வருசம் நான் அங்கே இருந்தபோது தவக்காலத்தில் நீங்கள் மீன் துப்புரவாக்கிக்கொண்டு, யேசுநாதர் பாடுபட்டதைப் பாடுகிற அந்தப் பசாமை முணுமுணுத்தீர்களே, அதை நான் கைபேசியில் பதிந்து வைத்திருந்தேன். ஹிப்ஹொப்பில் இது வழமை. ஒரு குரலில் இருந்து ஒரு துண்டை வெட்டி, அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் பாடுவோம். ஜூலியன் கிற்றாரைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கு மேலை நான் என்னத்தை வாசிக்கிறது, இது முழுக்கப் புளூஸ்" என்றான். பாட்டே உங்கள் குரலில்தான் தொடங்குகிறது. அட்டையில் பேர் போடவில்லை. "குரல்: லைப்சிக்கில் ஒரு அக்கா" என்று மட்டும் போட்டிருக்கிறேன். ஒரு நன்றியும் இல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

கெல்சென்கிர்ச்சனில் வெளியீடு வைத்தோம். மண்டபம் நிறையச் சனம். ஆறாவது பாட்டு முடிந்தபோது ஒரு அண்ணை முன்வரிசையில் இருந்து அழுதார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், தேய்த்துப் போட்ட சேட்டு, அமைதியான ஆள். எங்கள் எல்லாருக்கும் பட்டர் கேக் கொண்டுவந்திருந்தார். சீடி வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டாச்சோ பிள்ளை? இந்தக் குரல் ஆரின்ரை?" என்று கேட்டார். தெரிந்த ஒரு அக்கா என்று மட்டும் சொன்னேன்.

எப்படி இருக்கிறது என்று உடனே எழுதுங்கள்.

உங்கள்
மிது

*

லைப்சிக்
08.05.2024

மிது,

பாட்டைக் கேட்டேன். நல்ல பாட்டு. மூன்றுதரம் கேட்டேன். நல்லதாக இருக்கிறது என்பதுதான் எனக்குக் கூடின கோபம்.

பேரை மாற்றினாய், ஊரை மாற்றினாய், வேலையை மாற்றினாய். குரலை என்ன செய்தாய், பிள்ளை? என்னோடு பதினெட்டு வருசம் ஒரு வீட்டில் இருந்தவனுக்கு என் பேர் தேவையா? நித்திரையில் கேட்டாலும் அவன் எழும்பிவிடுவான். போதாக்குறைக்கு லைப்சிக் என்று அட்டையில் அச்சடித்தும் வைத்திருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன?

இரவில் எழுந்து கதவைப் பூட்டிய திறப்பு பூட்டிலேயே இருக்கிறதா என்று தடவிப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். அது விட்டுப்போன பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பாட்டை எடுத்துவிடு. விற்றதை விடு, இணையத்தில் இருப்பதையாவது எடு. அழுத அந்த அண்ணை யார், எந்த ஊர் என்று விசாரித்து எழுது.

யோசப்பின்

*

டோர்ட்மண்ட்
24.05.2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அட்டையில் லைப்சிக் என்று போட்டது என் மடத்தனம். அடுத்த அச்சில் அதை எடுத்துவிடுவோம். பாட்டை எடுப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஒரு வானொலியில் அந்த ஒரு பாட்டைத்தான் போடுகிறார்கள், அதைக் கேட்டுத்தான் எங்களை மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். ஒரு மாதம் பொறுங்கள், ஏதாவது வழி பார்க்கிறேன்.

நீங்கள் சொன்னபடி விசாரித்தேன். அந்த அண்ணையின் பேர் புவனேந்திரன். ஊர் சாவகச்சேரி. எங்களைப் போலச் சைவ ஆட்கள். அவருடைய மனைவி செத்துப்போனாராம், அதனால்தான் பாட்டைக் கேட்டு அழுதாராம். ஆகவே அந்தப் பயத்தை விடுங்கள்.

அவரைப் பற்றி ஒரு அதிசயமும் சொல்ல இருக்கிறது. போன சனிக்கிழமை ஒத்திகை பார்க்க வந்திருந்தார். உங்கள் குரல் துண்டை ஓடவிட்டோம். அது நிற்கிற இடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த அடியை எடுத்துப் பாடினார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைசிச் சொல்லில் குரலை அப்படியே கீழே விழுத்திவிட்டுத் திரும்பத் தூக்கினார், உங்களைப் போலவே. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஜூலியன் கத்தோலிக்கன் என்றாலும் இங்கே பிறந்தவன், பசாம் அவனுக்கும் புதிது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டாக்கும் என்று பேசிக்கொண்டோம். அந்த இடத்திலேயே பதிந்துவிட்டோம். இப்போது பாட்டில் உங்கள் குரல் முன்னுக்கும் அவர் குரல் பின்னுக்கும் வருகிறது. நேற்று இணையத்தில் போட்டோம். கோபம் ஆறியபிறகு ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.

உங்கள்
மிது

பி.கு.: வெளியே மழை ஊற்றுகிறது. அண்ணை இங்கேதான் இருக்கிறார், ஸ்டேஷன் பக்கம் போகிறாராம். கடிதத்தைத் தானே பெட்டியில் போட்டுவிடுவதாகச் சொல்கிறார். அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

*

லைப்சிக்
03.06.2024

மிது,

உன் கடிதத்தின் உறை பிரித்து ஒட்டியிருந்தது.

நீ விசாரித்த முறையில் பிழை இல்லை, பேரையும் ஊரையும் கேட்டிருக்கிறாய். ஆனால் நீ பிள்ளையார் கோவிலுக்குப் போய் வளர்ந்தவள், இது உனக்குத் தெரிய வழியில்லை. சாவகச்சேரிச் சைவக்காரனுக்குப் பசாம் எப்படித் தெரியும்? பசாமை ஒரு பக்கம் பாட மற்றப் பக்கம் ஏற்க வேண்டும். ஒவ்வொரு கோவிலுக்கும் ஒவ்வொரு இழுவை. கடைசிச் சொல்லை விழுத்தித் தூக்குகிறது மன்னாரில் எங்கள் கரையில் உள்ள கொஞ்ச வீடுகள்தான். அங்கே பெண்கள் பக்கத்தில் நான் நின்றேன், ஆண்கள் பக்கத்தில் எனக்கு எதிரே ராசன் நின்றான். நான் பாட அவன் ஏற்பான். அப்படித்தான் என்னைக் கட்டினான். நீ பதிந்தது அவனைத்தான்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது வாசலில் ஒரு பட்டர் கேக் பெட்டி இருந்தது. நான் உள்ளே போகவில்லை. அப்படியே லாராவிடம் போனேன். பொலிஸில் சொன்னோம். கேக் வைப்பது குற்றமில்லையாம், வைத்தவனை யாரும் காணவும் இல்லை. அவன் என்னை நெருங்கக் கூடாது என்ற பழைய தடையுத்தரவு காலாவதியாகிவிட்டது, புதிது எடுக்க நாள் பிடிக்கும்.

லாரா வேறு ஊரில் இடம் எடுத்திருக்கிறார், எந்த ஊர் என்று உனக்கு எழுத மாட்டேன். வரும் சனிக்கிழமைதான் அங்கே போக ஏலும், அதுவரை வேறிடத்தில் தங்குகிறேன். சாமான் எடுக்க நான் அன்றைக்கு ஒருமுறை வீட்டுக்குப் போகவேண்டும். அன்றைக்கு அவன் லைப்சிக்கில் நிற்கக் கூடாது. அவனைப் பாடக் கூப்பிடு. காலையிலிருந்து பொழுதுபடும் வரைக்கும் விடாதே. பாட்டு என்றால் அவன் வருவான். உனக்குத் தெரியும் என்று முகத்தில் காட்டாதே, தனியே நிற்காதே, ஜூலியன் பக்கத்தில் இருக்கட்டும்.

எனக்கு உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். உன்னைப் பிள்ளை மாதிரித்தான் வைத்திருந்தேன், அதுவும் பொய்யில்லை. இனி எனக்குக் கடிதம் போடாதே.

யோசப்பின் அக்கா

*

டோர்ட்மண்ட்
10.06.2024

அன்புள்ள யோசப்பின் அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியாத ஒரு விஷயம் நடந்துவிட்டது. இதை லாராவின் அலுவலகத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். உங்களிடம் சேர்ப்பதாக அவர் வாக்குத் தரவில்லை.

பாட்டை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டேன். வானொலிக்கும் எழுதிவிட்டேன். ஜூலியன் கூட இருந்து உதவினான்.

நீங்கள் சொன்னபடி சனிக்கிழமை அவரைப் பாடக் கூப்பிட்டேன், வந்தார். பட்டர் கேக் கொண்டுவந்தார். "சாப்பிட்டாச்சோ பிள்ளை?" என்று கேட்டார். நான் சிரித்தேன், அக்கா. அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றி, கையில் கொடுக்காமல் மேசையிலேயே வைத்துவிட்டேன். ஜூலியன் ஒவ்வொரு தடவையும் ஏதாவது குறை சொல்லித் திரும்பப் பாடச் சொன்னான். மைக்கில் இரைச்சல், கிற்றாரில் சுதி இறங்கிவிட்டது, இன்னொருதரம், இன்னொருதரம். அவர் ஒருமுறையும் முகம் சுளிக்கவில்லை. நாள் முழுக்கப் பாடினார். மிக நன்றாகப் பாடினார். 

பொழுதுபடப் போகும் நேரத்தில் எழும்பினார். கோட்டைப் போட்டு, பொத்தானை ஒவ்வொன்றாகப் பூட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "இவ்வளவு நேரம் போதுமோ பிள்ளை அவவுக்கு? சாமான் எல்லாம் ஏத்தி முடிச்சிருப்பா என்ன?" என்று கேட்டார்.

நான் எழும்பிவிட்டேன். ஜூலியன் அவருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றான். அவர் அவனுடைய தோளைத் தட்டினார்.

"பயப்பிடாதேங்கோ. நான் ஒண்டும் செய்யேல்லையே, வந்தன், பாடினன், போறன். எனக்கு அவசரம் இல்லை. ஊர் மாறலாம், பேர் மாறலாம். ஆனா அவவாலை பாடாமல் இருக்க ஏலாது. எங்கையாவது ஒரு கோவிலிலை, ஒரு பெரிய வெள்ளிக்கு வாய் திறப்பா. நான் கேட்டுக்கொண்டு திரிவன்."

கேக் பெட்டியை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் தந்த நம்பர் இப்போது வேலை செய்யவில்லை. பொலிஸில் எல்லாவற்றையும் சொன்னோம், எழுதிக்கொண்டார்கள். பாட்டுப் பாடினதற்கு ஆளைப் பிடிக்க ஏலாது என்றார்கள்.

உங்களுக்கு இது தெரிந்தே ஆகவேண்டும். தப்பிவிட்டோம் என்று நினைத்து நீங்கள் எங்காவது ஆறுதலாக இருந்துவிடுவீர்களோ என்பதுதான் என் பயம்.

அக்கா, எனக்குத் தெரிந்த தொழில் பாட்டு ஒன்றுதான். ஒருவரிடமும் இப்படிக் கேட்பேன் என்று நான் நினைத்ததில்லை. இனிப் பாடாதீர்கள். கோவிலில் வேண்டாம். குசினியில் தனியே நிற்கும்போதும் வேண்டாம்.

மிதுசா