ஓரத்தில் வராத எண்கள்

மார்ச் 3
ஊரில் ஒரு ஸ்டுடியோவும் கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவித் தருவதில்லை. சரி, நானே கழுவிக்கொள்கிறேன். இன்ஸ்டன்ட் காபித்தூள், வைட்டமின் சி தூள், துணி துவைக்கும் சோடா – மூன்றையும் தண்ணீரில் கலந்தால் போதுமாம். துவைக்கும் சோடா எந்தக் கடையிலும் இல்லை. வீட்டில் சமையல் சோடா டப்பா இருக்கிறது. அதுவும் சோடாதானே? திங்கள்கிழமை வருமாம், அதுவரை என்னால் பொறுக்க முடியாது.

நான் ஆபீசில் இருந்தபோது எங்கள் வாண்டு முதன்முதலாக எழுந்து நடந்தாளே, அதை வீட்டுக்காரர் எடுத்த ரோல் இது. வேலை போய் ஐந்து மாதமாக முகத்தைத் தொங்கப்போட்டிருந்த மனுஷன், அன்று வாசலிலேயே காத்திருந்து, "முப்பத்தாறு படமும் எடுத்துட்டேன்!" என்றார்.

மார்ச் 4
வெறும் ஃபிலிம். ஒரு நிழல்கூட இல்லை. குளியலறை பூரா நாற்றம் வேற.

மார்ச் 5
நேற்று கத்திவிட்டேன். "ரோலை ஒழுங்கா மாட்டினீங்களா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ஒரு வேலையாவது உருப்படியா செய்ய மாட்டீங்களா?" போனில் அம்மாவிடமும் சொன்னேன், அவர் காதில் விழும்படியே: "உன் மாப்பிள்ளை வெறும் கேமராவைப் பிடிச்சு அமுக்கிட்டிருந்திருக்கார்மா." அம்மா சிரித்தாள். நானும்தான். அவர், "மாட்டினேனே..." என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 8
 சாதம் வைக்கிறார், வாண்டைத் தூங்கவைக்கிறார், எது கேட்டாலும் 'ம்'. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மார்ச் 11
துவைக்கும் சோடா கிடைத்தது. நான் எடுத்த அரை ரோலைக் கழுவினேன். படம் வந்துவிட்டது! ஜன்னல், கொடியில் துணி, என் கட்டைவிரல். எடுக்காத மிச்சப் பாதி வெறுமைதான். ஆனால் அதன் ஓரத்திலும் கறுப்பாக எண்கள். கம்பெனியே பதித்து அனுப்புவது. நாம் ஒன்றுமே எடுக்காவிட்டாலும், சரியாகக் கழுவினால் வந்தே தீரும்.

அவர் ரோலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு எண்கூட இல்லை.

ஐயோ. மாட்டினதுல தப்பில்ல. கழுவினதுல தப்பு. என் சோடா. முப்பத்தாறையும் நான்தான் நாசம் பண்ணிட்டேன்.

மார்ச் 12
சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? இதில் அவருக்கு ஆனா ஆவன்னாகூடத் தெரியாது.

சீ. எழுதியதைப் படிக்கவே கூசுகிறது.

மார்ச் 13
ஆபீசில் ஒரே கடிதத்தை இரண்டு பேருக்கு அனுப்பிவிட்டேன். சொல்லிடணும். எப்படி ஆரம்பிக்கிறது?

மார்ச் 14
காலையில் அவர் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். இரண்டு ஃபிலிமையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். இரண்டின் ஓரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம்.

"அப்ப நான் சரியாத்தான் மாட்டியிருக்கேன்."

"ஆமாங்க. தப்பு என்னோடது."

மடித்த சட்டையையே பிரித்துத் திரும்ப மடித்தார். பிறகு கேட்டார்: "அத்தைகிட்டயும் சொல்லிடுறியா?"

அப்போதே போன் போட்டேன், ஸ்பீக்கரில். "என்னடி, மாப்பிள்ளை இன்னிக்கு என்ன பண்ணினார்?" என்று அம்மா சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். நான் சிரிக்கவில்லை. ஒன்று விடாமல் சொன்னேன். அம்மா போன் என்றாலே அடுத்த அறைக்குப் போய்விடுகிறவர், இன்று கடைசிவரை பக்கத்திலேயே நின்றார்.