அந்த அரிப்புக்கு ஒரு பெயர் இருக்கிறது, அக்கா

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த சரசக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருடமாகிறது. நம் ஊர் வடகரப்பதியில் எல்லோரிடமும் உனக்கு வயிற்றில் கட்டி என்றே சொல்லி வைத்திருக்கிறோம். நானும் அப்படித்தான் சொன்னேன். இனிச் சொல்லமாட்டேன்.

உனக்கு வந்தது பெண்ணுறுப்பின் வெளித்தோலில். பத்து வருடம் அரித்தது. தோல் வெளுத்தது, சுருங்கியது, வெடித்தது. படைக்குத் தடவும் களிம்பை மருந்துக்கடையில் வாங்கி வாங்கிப் போட்டாய். டாக்டரிடம் போகலாம் என்றால், "அங்கயெல்லாம் எப்படிடி காட்டறது?" என்பாய். ஆறாத புண்ணோடு கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனபோது அது புற்றாகியிருந்தது. அந்த எரிச்சலோடு எப்படி அக்கா கடலைக்காட்டில் குந்திக் களையெடுத்தாய்?

போன வருடம் எனக்கும் அதே அரிப்பு. கண்ணாடி வைத்துப் பார்த்தேன், அதே வெளுப்பு. முதலில் பயம் வந்தது, அப்புறம் கோபம். மறுநாளே பாலக்காட்டுக்கு பஸ் ஏறிவிட்டேன்.

தோல் டாக்டரம்மா மரத்துப்போக ஊசி போட்டு, துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்று பெயராம். தொற்றாது, சுத்தமில்லாததால் வருவதில்லை, ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு வருவதுண்டு என்றார். வீரியமான ஸ்டீராய்டு களிம்பு கொடுத்தார். விரல்நுனி அளவு, முதலில் தினமும், பிறகு குறைத்துக்கொண்டே வர வேண்டும். மருந்துக்கடைக்காரர் அந்த இடத்துக்கு அது ஆகாது என்று பயமுறுத்த, பத்து நாள் நிறுத்திவிட்டேன். அரிப்பு திரும்பி வந்தது. மறுபடி போய் நின்றபோது டாக்டரம்மா திட்டவில்லை.

"பேடிக்காம, பயப்படாம போடுங்க. போடாம விட்டாத்தான் ஆபத்து."

அதற்குக் கேட்காவிட்டால் ஸ்டீராய்டு இல்லாத களிம்பும் உண்டாம். தோல் ஒட்டி வழி அடைத்தாலோ புற்றானாலோ மட்டுமே அறுவை. சோப்பை விட்டேன். இப்போது வாரம் இரண்டு தடவை களிம்பு, வருடா வருடம் பரிசோதனை. முழுதாகப் போகாது, அக்கா. ஆனால் அடங்கிக் கிடக்கிறது.

போன மாதம் அக்கம்பக்கத்துப் பெண்கள் வாராவாரம் கூடும் எங்கள் அயல்கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெயரையும் சொன்னேன். மறுநாள் உன் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"செத்தவள எதுக்கு அசிங்கப்படுத்தறே?"

"அசிங்கமில்லீங்க மச்சான், நோவு. நாம வாய மூடுனதுலதான் அக்கா போயிருச்சு. நான் மூட மாட்டனுங்க."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். இன்னும் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். அந்த வாரமே கூட்டத்துப் பெண்கள் இரண்டு பேர் தனியாக வந்து, தங்களுக்கும் இருக்கிறது என்றார்கள். ஒருத்திக்கு அறுபது வயது. இரண்டு பேரையும் பாலக்காட்டுக்குக் கூட்டிப்போனேன்.

உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பா? நீ இருந்திருந்தால் என்னைத் தடுத்திருப்பாயா?

நேற்று உன் மகள் கவிதா வந்தாள். அம்மாவுக்கு நிஜமாக என்ன என்று கேட்டாள். சொன்னேன். வெகுநேரம் அழுதுவிட்டு, தனக்கும் ஆறு மாதமாக அரிப்பு என்றாள். திங்கட்கிழமை கூட்டிப்போகிறேன். மச்சான் குறுக்கே வந்து நின்றாலும் கூட்டிப்போவேன். உன்னை விட்டதுபோல் அவளை விடமாட்டேன், அக்கா.

இப்படிக்கு,
உன் சொல்பேச்சு கேட்காத தங்கச்சி,
மல்லிகா