வண்டியில் காலியாக இருந்த இடம்

அக்டோபர் 9, புதன்

கோழிக்கொட்டகையில் ஒரு விசிறி நின்றுவிட்டது. அப்பா காலை முழுவதும் அதோடு மல்லுக்கட்டினார். அம்மா வாசலில் இன்னொரு பலகை நட்டாள்: 'லோர்னா வில்கஸ், மீண்டும் சட்டமன்றத்துக்கு.' போன தடவை மிஞ்சிய பலகைதான், வெயிலில் நிறம் போயிருந்தது.

பத்திரிகையில் நீதிமன்றப் பக்கம் என்னுடையது. மாநிலத் தலைநகர் டோவரிலிருந்து மன்னிப்பு வாரியத்தின் அறிவிப்பு வந்தது. அச்சுக்கு அடுக்கிக்கொண்டே வந்தவள் ஒரு பெயரில் நின்றுவிட்டேன். கோல்பி வில்கஸ். சிறையில் இருக்கும் என் தம்பி. டிசம்பரில் அவன் மனுமீது விசாரணை. தண்டனையைக் குறைக்கலாம் என்று வாரியம் சொன்னால்தான் ஆளுநரே கையெழுத்துப் போட முடியும். வாரியம் முதலில் யாரைக் கேட்கும்? செத்தவனின் வீட்டாரை.

செத்தவன் நோலன் டியூக்ஸ். கோல்பியின் பள்ளித் தோழன். கோல்பி குடித்துவிட்டு ஓட்டிய காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

அவனுடைய அப்பா ஹார்லன்தான் இந்தத் தேர்தலில் அம்மாவுக்கு எதிராக நிற்கிறார். மொத்தமே மூன்று மாவட்டம் உள்ள மாநிலம். ஒருவரை விட்டு ஒருவர் விலகிப் போக இங்கே இடம் ஏது?

அக்டோபர் 22

இன்றும் ஹார்லன் கூட்டத்தில் கோல்பியைப் பற்றிப் பேசவில்லை. வடிகால், வரி, பள்ளிக்கூடக் கூரை, அவ்வளவுதான்.

அப்பா சொன்னார், "மனுஷன் ஒரு வார்த்தை பேசலயே. அதை நெனச்சு சந்தோஷப்படேன்."

"அதான் ராய் எனக்கு பயமா இருக்கு," என்றாள் அம்மா.

நவம்பர் 5, செவ்வாய்

தோற்றுவிட்டாள். இருநூற்றுச் சொச்சம் ஓட்டு வித்தியாசம்.

அழவில்லை. பாத்திரம் கழுவினாள். ஏற்கெனவே கழுவியிருந்ததையும்.

நவம்பர் 7, வியாழன்

ரிட்டர்ன் டே, தேர்தல் பகையை ஊரே கூடி முடித்துவைக்கும் நாள். கடை, பள்ளி எல்லாம் மதியத்தோடு மூடல். ஜார்ஜ்டவுன் நடுவிலுள்ள வட்டச் சதுக்கத்தைச் சுற்றி ஜனம். உயரத் தொப்பி போட்ட ஊர் அறிவிப்பாளர் நீதிமன்ற மாடத்தில் நின்று முடிவுகளைக் கத்தி வாசிக்க வேண்டும், ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே குதிரை வண்டியில் அருகருகே ஊர்வலம் போக வேண்டும், கடைசியில் இரண்டு கட்சித் தலைவர்களும் பகை முடிந்தது என்பதற்கு அடையாளமாக ஒரு கைக்கோடாலியைச் சேர்ந்து பிடித்து மணலில் புதைக்க வேண்டும். சின்ன வயதில் இது எனக்குக் கிறிஸ்துமஸைவிடப் பெரிய நாள்.

அம்மா நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். போன முறை ஜெயித்தபோது போட்ட அதே கோட்டு. வண்டிகள் நின்ற சந்துக்கு நான் கூடப் போனேன். ஹார்லன் முன்பே வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மெலிந்துவிட்டார்.

"ஏறு லோர்னா. குதிரை சாதுதான், உன் கட்சிக்காரங்க குதிரைன்னு வேற சொல்றாங்க," என்று கையை நீட்டினார்.

அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். ஒரு காலைப் படியில் வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"என்னால முடியல ஹார்லன்."

திரும்பி நடந்தாள். நான் நின்றேனா, ஓடினேனா, நினைவில்லை.

அவர் தனியாகப் போனார். ஓரத்திலேயே உட்கார்ந்து, மீதி இடத்தை விட்டுவைத்து. வண்டி வரவர ஜனம் கைதட்டுவதை நிறுத்தியது. என் பின்னால் ஒரு பெண் பிள்ளை சொன்னாள்: "தோத்தா உக்காரத் தெரியணும். எங்க தாத்தா மூணு தடவ தோத்து மூணு தடவையும் ஏறினாரு." இன்னொருத்தி: "மகன் அவரு பையனைக் கொன்னான். அம்மாவுக்கு ரோஷம் பாரு!"

அப்பா மட்டும் வரிசையில் நின்று இலவச மாட்டிறைச்சி ரொட்டி வாங்கினார். "சீட்டுதான் போச்சு, இதையாவது விடாம வாங்குவோம்," என்றார். வாங்கியதைத் தின்னவில்லை. காரில் மடியிலேயே வைத்திருந்தார்.

நவம்பர் 12

முதல் பக்கத்தில் அந்தப் படம். ஹார்லன், பக்கத்தில் வெற்று இருக்கை. ஆசிரியர் பெட்டிஜான் என் மேசைக்கு வந்து, "போடாம இருந்தா ஊரு என்னைத் தின்னுடும், டெசா. நீ வேணா வீட்டுக்குப் போ," என்றார். போகவில்லை. படத்துக்கு அடியில் வரும் வரியை நானே எழுதினேன். பெயர், இடம், நாள். வேறென்ன எழுத?

நவம்பர் 24, ஞாயிறு

தீவனக் கடையில் அப்பாவும் ஹார்லனும் எதிரெதிரே மாட்டிக்கொண்டார்களாம். ஹார்லன்தான் பேசியிருக்கிறார். "ராய், எனக்கு ஓட்டெல்லாம் ரெண்டாவது. வண்டியில உக்காந்தா லோர்னாகிட்ட ஒண்ணு கேக்கலாம்னு இருந்தேன். அன்னிக்கு ஒருநாள்தானே யாரும் யாரையும் எந்திரிச்சுப் போன்னு சொல்ல மாட்டாங்க. நோலன் கடைசியா என்ன பேசினான்? உங்க பையனுக்குத் தெரியும்ல? வக்கீலுங்க அவனை வாயைத் தெறக்க விடல. எனக்கு அது தெரியணும். தெரிஞ்சா வாரியத்துல அவனுக்காகக்கூட பேசிடுவேன்."

அப்பா இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை. வருஷக்கணக்கில் நான் பார்க்காதது.

அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் அதைக் கேப்பான்னு எனக்குத் தெரியும். அதனாலதான் ஏறல."

ஒருமுறை சிறையில் பார்க்கப் போனபோது கோல்பி அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். நோலன் கெஞ்சினானாம். நிறுத்துடா, நான் ஓட்டறேன், நிறுத்துடா என்று. இரண்டு தடவை. கோல்பி சிரித்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினான்.

"இதைச் சொன்னா அவன் வாரியத்துல பேசுவானா? சொல்லு! பேசுவானா?" அம்மா கத்தினாள். "அன்னிக்குப் பொய் சொல்லலாம்னுதான் கெளம்பி வந்தேன். அவன் தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறான். எப்படிடீ சொல்றது?"

அந்த வண்டியில் பொய் சொல்லக்கூடாதென்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் இங்கே பிறந்தவளுக்கு அது வரவில்லை. நான் படித்த நாவல்களில் அம்மாக்கள் மகனுக்காக எத்தனை சுலபமாகப் பொய் சொல்கிறார்கள்.

நவம்பர் 25

நான் அவளிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஹார்லனிடம் சொல்லாமல் சும்மா இரு என்றா? தம்பி வீட்டுக்கு வர வேண்டும். எனக்கும் வேண்டும். அதையும் எழுதிவைக்கிறேன்.

டிசம்பர் 1

"காரை எடு," என்றாள். எங்கே என்று கேட்கவில்லை.

ஹார்லன் வீட்டு முற்றம். அவர் உள்ளே கூப்பிட்டார். அம்மா போகவில்லை, சேற்றிலேயே நின்று சொன்னாள். காரிலிருந்து எனக்குக் கேட்டது பாதிதான். கையை மட்டும் பார்த்தேன், இரண்டையும் கோட்டுப் பைக்குள் திணித்திருந்தாள். ஹார்லன் வேலிக்கம்பத்தைப் பிடித்துக் குனிந்தார். நிமிர வெகுநேரமானது.

"ரெண்டு தடவையா சொன்னான்?" என்று கேட்டார். அது கேட்டது.

"ரெண்டு தடவை."

டிசம்பர் 19, வியாழன் – டோவர்

கோல்பி நன்றாகத்தான் பேசினான். பிறகு ஹார்லனைக் கேட்டார்கள். எழுந்தார்.

"என் பையன் நிறுத்தச் சொல்லியிருக்கான். ரெண்டு தடவை. அதை மட்டும் எழுதிக்கங்க."

உட்கார்ந்துவிட்டார். விடாதீர்கள் என்று சொல்லவில்லை. விடுங்கள் என்றும் சொல்லவில்லை.

கோல்பி திரும்பி அம்மாவைப் பார்த்தான். அந்தப் பார்வையைப் பற்றி இங்கேகூட எழுத மாட்டேன்.

மனு நிராகரிக்கப்பட்டது.

டிசம்பர் 25

கோழிகளுக்கு விடுமுறை கிடையாது என்று அப்பா மூன்று முறை வெளியே போய்வந்தார்.

ஜனவரி 4

கோல்பியின் பார்வையாளர் பட்டியலில் இனி அம்மா இல்லை. அவனே எடுக்கச் சொல்லிவிட்டான். என்னிடம் சொன்னான்: "அவங்க பண்ணது தப்புன்னு சொல்லல, டெசா. பாக்க முடியல. அவ்ளோதான்."

ஜனவரி 14

டோவரில் இன்று பதவியேற்பு. ஹார்லன் உறுதிமொழி எடுத்த படத்தைப் பெட்டிஜான் நாலாம் பக்கத்தில் போட்டார். அம்மா கேட்டு வாங்கிப் பார்த்தாள். "டை கோணலா இருக்கு," என்றாள்.

பிப்ரவரி 1, சனி

சனிக்கிழமைதோறும் அம்மா என்னோடு சிறைவரை வருகிறாள். நான் உள்ளே போவேன், அவள் காரில் இருப்பாள். அவன் தூங்கினானா, சாப்பிட்டானா என்று திரும்பும் வழியில் கேட்பாள். அதற்குமேல் கேட்க மாட்டாள்.

இன்று மழை. வெளியே வந்தபோது எங்கள் காரில் அவள் இல்லை. பயந்துவிட்டேன். அப்புறம்தான் இரண்டு வண்டி தள்ளி ஹார்லனின் பழைய பச்சை லாரியைப் பார்த்தேன். காவலாளி பிறகு சொன்னார், அந்த மனிதர் மூன்று வாரமாக வருகிறார், உள்ளே வராமலே திரும்பிவிடுகிறார் என்று.

கண்ணாடி துடைப்பான் ஓடிக்கொண்டிருந்தது. ஹார்லன் தொப்பியை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் அம்மா. இருவரும் நேரே சிறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் எங்கள் காரில் ஏறிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டேன். அவள் இறங்கி வரட்டும் என்று.