மூத்தவர் முதலில் குதிக்கும் படகுத்துறை

அனுப்புநர்
மெர்வின் ஹாலோரன் (வயது 74),
பள்ளிப் பேருந்து ஓட்டுநர் (ஓய்வு),
7, ஜெட்டி ரோடு,
கார்விக் பே, தெற்கு ஆஸ்திரேலியா.

பெறுநர்
கடற்கரைப் பராமரிப்பு அலுவலர் அவர்கள்,
நகர மன்றம், கார்விக் பே.

பொருள்: எழுபது வயது கடந்தோர் படகுத்துறையிலிருந்து கடலில் குதிக்கத் தடை விதிக்கும் பலகையை அகற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி பலகை சென்ற ஆண்டு நவம்பரில் நடப்பட்டது. அதற்கு முன் ஐம்பத்தொரு ஆண்டுகளாக, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எங்கள் குடும்பம் அத்துறையின் நுனியில் வரிசையாக நின்று குதித்து வந்தது. மூத்தவர் முதலில், அவர் தலை தண்ணீருக்கு மேல் தெரிந்த பிறகே அடுத்தவர். இது என் தந்தை போட்ட சட்டம். யாரும் மீறியதில்லை.

2. மறைக்காமல் சொல்கிறேன். அந்த ஆண்டுகளில் பெரும்பாலும் நான் குதிக்கவில்லை. கரையில் துண்டுகளையும் இறால் பெட்டியையும் காவல் காத்தேன்; வரிசையில் நிற்காததால் மூத்தவர் கணக்கில் நான் வரவில்லை. முதுகு வலி என்பேன், உண்மையில் பயம். ஓய்வு பெற்ற ஆண்டில், என் அறுபத்தாறாம் வயதில், என் மனைவி டொரீன் என் மடியிலிருந்த துண்டைப் பிடுங்கி வீசினாள். "நாப்பது வருஷம் ஊரார் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுச் சுத்துனீங்க. இன்னைக்கு ஒரு நாள் என்கூட வாங்க" என்றாள். கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு என எண்ணினாள். மூன்று வரும் என்று நம்பி நின்றேன். இரண்டிலேயே இழுத்துவிட்டாள். மூக்கில் உப்புநீர் ஏற, மேலே வந்து நான் சிரித்த சிரிப்பு எனக்கே புதிது.

3. அதன் பின் எங்களை யாராலும் பிடிக்க முடியவில்லை. பேரப்பிள்ளைகளோடு மணல்மேட்டில் பலகை வைத்துச் சறுக்கியதில் என் பல்செட் தொலைந்தது. பிற்பகல் முழுக்க எல்லோரும் தேடினோம். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது. துறையில் ஏழு டிசம்பர்க் கோடைகள் குதித்தோம். ஏழு முறையும் எண்ணிக்கை இரண்டைத் தாண்டவில்லை.

4. சென்ற ஆண்டு ஜூனில் டொரீன் காலமானாள். டிசம்பர் 26 அன்று முதன்முறையாக நான் தனியே நுனியில் நின்றேன். எண்ணத் தொடங்குமுன் தங்கள் ஊழியர் வந்து, "பெரியவரே, பலகையப் பாக்கலையா? ஓரமா உக்காந்து வேடிக்கை பாருங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவர்மீது எனக்குப் புகார் இல்லை.

5. அடுத்த மூத்தவள் என் தங்கை பெரில் (68). நீயாவது குதி என்று கெஞ்சினேன். "அண்ணன் குத்துக்கல்லாட்டம் நிக்கையில நான் முதல்ல குதிச்சா, நான்தான் மூத்தவளாக்கும்னு ஊரு பேசும். எனக்கென்ன தலையெழுத்தா?" என்று மறுத்துவிட்டாள். பதினான்கு பேரும் நனையாமல் வீடு திரும்பினோம். எங்கள் வழக்கப்படி ஏழு வயதில் முதல் குதி. பேத்தி டெஸ்ஸுக்கு அது அந்த ஆண்டுதான். அவள் அன்று நீச்சலுடையைக் கழற்ற மறுத்து, அதோடேயே தூங்கினாள்.

6. என் இதயம் நலமாக இருப்பதற்கான மருத்துவர் சான்றை இணைத்துள்ளேன். அந்தச் சான்றில் வராத ஒன்று: டொரீன் கை இல்லாமல் எனக்குக் குதிக்க வருமா என்று எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளவே அனுமதி கேட்கிறேன்.

7. ஆகவே, பலகையை அகற்றியோ, அந்த ஒரு நாளுக்காவது விலக்கு அளித்தோ உதவ வேண்டுகிறேன். உயிர்காப்பாளர் ஒருவரைத் தாங்கள் நிறுத்தினால் வரவேற்போம். இறால் அவருக்கும் உண்டு. பதில் டிசம்பர் 26-க்கு முன் கிடைத்தால் நல்லது. அன்று காலை பத்து மணிக்கு நுனியில் நிற்பேன். இரண்டு வரைதான் எண்ணுவேன்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மெர்வின் ஹாலோரன்
(கையொப்பம்)

இடம்: கார்விக் பே
நாள்: டிசம்பர் 2

இணைப்பு: மருத்துவர் சான்று ஒன்று.