சிவப்பு வளையத்துக்கு ஒரு சாண் கீழே

மார்ச் 3, திங்கள்
மலைக் கணவாயின் மின்கோபுரங்களிலிருந்து நான்கு கோல்களும் பராமரிப்புக்குத் திரும்பின. மின்சாரத்தை நிறுத்தாமலே உயர் அழுத்தக் கம்பியைப் பழுதுபார்க்க நான் வடிவமைத்த கண்ணாடியிழைக் கோல்கள். கோலில் பூசிய சிவப்பு வளையத்தைத் தாண்டிக் கம்பிப் பக்கம் கை போகக் கூடாது என்பது விதி. நான்கிலும் வளையத்துக்கு ஒரு சாண் கீழே கறுப்பு நாடா சுற்றியிருக்கிறது. எதற்கு? கோபுரக் குழுவின் தலைவன் என் மனைவியின் தம்பி. கோல் ரொம்ப நீளம் என்று முதல் நாளிலிருந்தே முணுமுணுத்தவன்.

மார்ச் 4
போன் செய்தேன். "பிடி வழுக்குது மாமா, அதான்" என்றான். நான் கேட்டு முடிக்கும் முன்பே பதில். நான்கும் ஒரே இடத்திலா வழுக்கும்? கீழே போட்டிருப்பார்கள், விரிசலை மறைத்திருப்பார்கள். விரிசலில் ஈரம் புகுந்தால் ஆள் போய்விடுவான். வெள்ளிக்கிழமை இதே கோல்களோடு ஏறப்போகிறார்கள்.

மார்ச் 5
நாடாவை உரித்தேன். விரிசல் இல்லை, கீறல்கூட இல்லை. கசிவுச் சோதனையிலும் நான்கும் தேறின. "கோல் நல்லாத்தான் இருக்கு சார், ஆளத்தான் டெஸ்ட் பண்ணணும்" என்றார் சோதனைக்கூடத்துக்காரர். யாரை, என்னையா?

கையுறை தேய்ந்த தடமெல்லாம் நாடாவுக்குக் கீழே. வளையத்தை அவர்கள் தொடவே இல்லை. என் கோல் சரியில்லை என்று, என்னிடம் சொல்லாமல் மேலதிகாரியிடம் போய்விட்டானோ?

வீட்டில் இவள்: "சாப்பாட்டுல உப்பு கூடினாலும் யாரு சதின்னு கேப்பீங்க. அவன நேர்ல கேளுங்க."

மார்ச் 6
வந்தான். தரையைப் பார்த்தபடியே சொன்னான்: "வளையத்துல பிடிச்சா கம்பிகிட்ட சீறுது மாமா. முழங்கை வரைக்கும் மயிர் நட்டுக்குது. ஒரு சாண் இறக்கிப் பிடிச்சா அடங்கிருது. எழுதிக் குடுத்தா உங்க பேருதானே கெடும்? அக்கா முகத்துல எப்படி முழிக்கிறது?"

பொய் என்று காட்டத்தான் கோலின் வரைபடத்தை விரித்தேன். உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், மின்சாரம் கூடுதல் தூரம் தாவும். அந்த இடைவெளியைச் சரியாகவே கணக்கிட்டிருந்தேன். மூன்று முறை போட்டுப் பார்த்தேன். பிறகுதான் அளவு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தேன். பழைய கோலில் போலவே, கோலின் தலையிலுள்ள கொக்கியின் நுனியில்.

கொக்கி இரும்பு. மின்சாரம் அதன் வழியே தடையில்லாமல் வரும்; அது முடியும் இடத்திலிருந்துதான் அளந்திருக்க வேண்டும். பனி படிந்த கம்பியைப் பிடிக்க அதை ஒரு சாண் நீட்டியது நான். வளையத்தை இறக்காததும் நான் — இந்தக் கோல் மேலே போய் எட்டு மாசம். எட்டு மாசமா அதப் பிடிச்சுக்கிட்டு மேல நின்னிருக்கான். நான் அவன் மேல விரிசல் தேடிக்கிட்டு இருந்தேன்.

மார்ச் 7
திருத்தப் படிவம் கொடுத்தேன். பிழை: வடிவமைப்பாளருடையது. கண்டறிந்தவர்: கோபுரக் குழுத் தலைவர். மேலதிகாரிக்கு இதுதான் முதல் செய்தி. இன்றைய ஏற்றம் நிறுத்தம்.

மார்ச் 10
நாளை ஏறுகிறார்கள். புதிய வளையத்துக்கு அளவெடுத்தேன். நாடாவின் பசைத் தடம் என் கணக்கைவிட அரை விரல் கீழே இருந்தது. அந்தத் தடத்தின் மேலேயே சிவப்பைப் பூசினேன்.