நெஞ்சின் காய்ப்பு

பாளையங்கோட்டையில் நம் சபை மண்டபத்துச் சன்னல்களுக்கு நேற்றுப் பச்சை வண்ணம் பூசினார்கள். ஆளிவிதை எண்ணெய் வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. படம் தீட்டும் உன் மேல் எப்போதும் அந்த வாடைதான்.

மிஷன் பங்களாத் துரைசானி கழித்துப்போட்ட ஆங்கிலப் பத்திரிகையில் அந்தப் படம் இருந்தது. சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் எவனோ எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய ஒரு துணி வியாபாரி. தலையில் சிவப்புத் துணி, பின்னால் ஒரே இருட்டு. உன் அம்மா அப்போஸ்தலர் என்று நினைத்து அதை வெட்டிச் சுவரில் ஒட்டினாள். தெருப் பெண்களெல்லாம் அதன்முன் கண்மூடி நின்றார்கள்.

"துணி விக்கிறவனப் பாத்து செபம் பண்ணுதாவ லே!" என்று வயிறு வலிக்கச் சிரித்தாய். பிறகு படத்தின் பக்கத்தில் போய் நின்றாய். "கண்ணோரச் சுருக்கம், மழிக்காத தாடை, ஒண்ணையும் விடல பாரு. ஒரு வியாபாரிக்கே இம்புட்டுன்னா எங்கப்பாவுக்கு எவ்வளவு செய்யணும்?"

செய்தாய். அதே இருட்டு, அதே பாதி திரும்பிய முகம். பனையை அணைத்து அணைத்து உன் அப்பாவின் நெஞ்சில் தடித்துப்போயிருந்த காய்ப்பை, மெல்லப் பூசிக் காயவிட்டு மறுபடி பூசி, வாரக்கணக்கில் தீட்டினாய். அவர் தடவிப் பார்த்து, "என்னைய அப்படியே உரிச்சு வச்சிருக்கான்" என்றார்.

மண்டபச் சுவரில் குருமார், வக்கீல்கள் படங்களுக்கு நடுவே அந்தப் பனையேறியும் தொங்கவேண்டும். உனக்கு வேறு ஆசை இருந்ததில்லை. சபை மூப்பர் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

"நம்மாளுவ முன்னுக்கு வந்தாச்சு. இப்பப் போயி இதக் காட்டணுமாக்கும்? ஒரு சட்டையப் போட்டுக் கொண்டா லே, மாட்டுதேன்."

"சட்டை போட்டுக்கிட்டு எவன் வே பனை ஏறுதான்? உம்ம அப்பனும் இந்த நெஞ்ச வச்சுத்தான் வே உம்மப் படிக்கவச்சாரு" என்றாய்.

படம் சாமான் அறைக்குப் போயிற்று. அந்தக் கோடையில் வாந்திபேதி வந்து உன்னைக் கொண்டுபோயிற்று.

இப்போது மாட்டியிருக்கிறார்கள். வெளியூர் ஓவியன் ஒருவனைப் பிடித்து உன் படத்தின் மேலேயே பூசவைத்தார்கள்: நெஞ்சை மூடிக் கறுப்புக் கோட்டு, கழுத்தில் பட்டி, முகத்துக்கு வெளுப்பு. கீழே 'சபையின் மூத்தோர்' என்ற எழுத்து. பெயர் கிடையாது.

இன்று ஆராதனை முடிந்ததும் உன் அப்பா அதன் எதிரே நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நல்ல களையான மொகம். யாரு தம்பி இந்த ஐயா?" என்று என்னைக் கேட்டார்.

துண்டை வாங்கி மறுபடி அவர் தோளில் போட்டேன். மூப்பர் பதில் சொல்லவேண்டிய கேள்வி அது. அவர் வீட்டு வாசலுக்கு அதைக் கொண்டுபோகும்வரை எனக்கு வேறு வேலை இல்லை.